பாட்டு நிற்கும் வரை

போன மாதம் பசுமலையில் ஒரு கபடிப் போட்டிக்கு என்னை அழைத்திருந்தார்கள். பழைய ஆட்டக்காரர் என்று சொல்லிச் சால்வை போட்டார்கள். ஆடுகளத்தில் மண்ணே இல்லை, ரப்பர் விரிப்பு. ஓரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர், அதன்மேல் கழுத்துக்கு மாட்டும் பட்டை. இவை வந்து சேராமல் நடுவர் விசில் ஊத மாட்டாராம். நான் அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெறும் பஞ்சும் பிளாஸ்டிக்கும்தான். கனமே இல்லை.

"அண்ணே, ரெண்டு வார்த்த பேசுங்கண்ணே. ஒங்க காலத்து ஆட்டத்தப் பத்திப் பயலுக கேக்கட்டும்" என்று மைக்கை நீட்டினார் போட்டி நடத்தியவர். எல்லாரும் நல்லா ஆடுங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு சால்வை வீணாகிவிட்டதே என்று அவர் நினைத்திருப்பார். அன்று பேசாததைத்தான் இப்போது எழுதுகிறேன். கேட்பதற்கு நன்றாக இருக்காது என்றுதான் அங்கே பேசவில்லை. படிப்பதற்கும் நன்றாக இருக்கப் போவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் கீழக்குயில்குடி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். மலையடிவாரத்துப் பொட்டலில் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தவனை, எழுபதுகளின் நடுவில், மதுரையில் ஒரு நூல் மில்லுக்கு ஆட்டக்காரனாக எடுத்துக்கொண்டார்கள். மில்லின் பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஊரில் சடுகுடு என்று ஆடியதை மில்லில் கபடி என்றார்கள். முதல் வருடம் முழுக்க விழுவதற்கும் எழுவதற்கும் பழக்கினார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மில்லில் நாங்கள் பதிலிகள். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில் அவர் இடத்தில் நிற்கும் ஆளுக்குப் பதிலி என்று பெயர். ஷிப்ட் தொடங்கும்போது பதிலிகள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே கூடி நிற்பார்கள். பேர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. ஆட்டக்காரர்களின் பேரை மட்டும் தவறாமல் கூப்பிடுவார்கள். உள்ளே போய் மத்தியானம் வரை நூல் சுற்றிய பாபின் கட்டைகளை ஏற்றிய வண்டி தள்ளுவோம், பிறகு மைதானம். எந்த மெஷினையும் எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. காலும் கையும் இருக்கும் வரை வேலை இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் அணியைப் பார்த்துக்கொண்டவர் மில்லின் லேபர் ஆபீசர் வரதராஜன். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் தம்பி என்பார், வாங்க போங்க என்பார். எங்களுக்குப் பாலும் முட்டையும் சரியாக வந்து சேருகிறதா என்று தானே பக்கத்தில் நின்று பார்ப்பார். மாட்ச் அன்று எலுமிச்சம்பழத்தைத் தன் கையால் வெட்டி ஆளுக்குப் பாதி கொடுப்பார். நடுவர் நகம் பார்ப்பதற்கு முன் இவர் எங்கள் நகத்தைப் பார்த்துவிடுவார். உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறோமா என்று முதுகில் விரலால் தேய்த்துப் பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து முழங்காலையும் கணுக்காலையும் அழுத்துவார். "வலிக்குதா தம்பி?" இல்லை என்போம். வலிக்கிறது என்று சொன்னவன் எவனும் கிடையாது.

காரணம், ஆரஞ்சு. முழங்கால் போய் ஒருவன் படுத்துவிட்டால் வரதராஜன் அவன் வீட்டுக்கே போவார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் இருக்கும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "நல்லா ரெஸ்ட் எடுங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்பார். அவன் குணமாகி மறுபடி கேட்டுக்கு வந்து நிற்பான். பேர் கூப்பிட மாட்டார்கள். மறுநாளும் கூப்பிட மாட்டார்கள். திட்டு இல்லை, சண்டை இல்லை. அவ்வளவுதான், முடிந்தது. எவனாவது நொண்டினால் நாங்கள், "என்னடா, ஆரஞ்சு வந்துருச்சா?" என்று கேலி செய்வோம். கேலிதான். ஆனால் மார்க்கெட்டில் ஆரஞ்சு வண்டியைக் கண்டால் எதிர்ப் பக்கமாக நடந்து போவோம்.

முத்திருளன் எனக்கு அடுத்த வருடம் வந்து சேர்ந்தான். திருவாதவூர்க்காரன். என்னைப் போலவே கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. நாங்கள் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். அவன் பாடிப் போகிறவன், நான் பிடிக்கிறவன். இந்த இரண்டு வேலையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

எதிர்ப் பக்கத்துக்குள் போகிறவன் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே போய், எவனையாவது தொட்டுவிட்டு, மூச்சு உடையாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சொல்லைத்தான் பாட்டு என்போம். பாட்டு நின்றால் போனவன் அவுட். பாட்டோடு அவன் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், அவனைப் பிடித்திருந்தவர்கள் அத்தனை பேரும் அவுட். அதனால் பிடிக்கிறவனுக்கு உள்ள சட்டம் ஒன்றே ஒன்று. பாட்டு நிற்கும் வரை விடாதே. நான் இடது மூலையில் நின்று கணுக்காலைப் பிடிப்பவன். காலைக் கட்டிக்கொண்டு முகத்தை அவன் தொடையில் புதைத்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காது மட்டும்தான் வேலை செய்யும். வலிக்கிறவன் கத்துவான், கத்தினால் பாட்டு நின்றுபோகும், நின்றதும் விட்டுவிடுவோம். பாடிக்கொண்டிருப்பவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அத்தனை பேரும் இதை நம்பித்தான் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்துகொண்டிருந்தோம்.

முத்திருளனுடைய மூச்சு மில்லில் பிரசித்தம். நான்கு பேர் அமுக்கினாலும் பாட்டு வந்துகொண்டே இருக்கும். பிடித்தவனுக்குக் கை அசந்துபோகும். "நிப்பாட்டித் தொலையேன் மாப்ள" என்று பயிற்சியில் நானே கெஞ்சியிருக்கிறேன். "நீ விடு, நிப்பாட்டுறேன்" என்பான் சிரித்துக்கொண்டே. கல்யாணம் ஆகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பெண்சாதி பேர் செல்லம். என்னை அண்ணே என்று கூப்பிடும். நிரந்தரம் ஆனதும் மதுரையில் வீடு பார்த்துக் கூட்டி வருவதாகச் சொல்லி வைத்திருந்தான். அது வரைக்கும் அந்தப் பிள்ளை திருவாதவூரில் களையெடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மேலூர் பக்கம் ஓர் ஊரில் மில் அணிகளுக்கான போட்டி. புறப்படும் முன் வரதராஜன் எங்களை மைதானத்தில் உட்கார வைத்து, வழக்கம்போல மெதுவாகச் சொன்னார். "இந்தக் கேடயம் மட்டும் வந்துருச்சுன்னா ஏழு பேருக்கும் நிரந்தரம், தம்பி. மேல பேசிட்டேன்." முத்திருளன் என் கையைப் பிடித்து அழுத்தினான். எவனும் வேறெதுவும் கேட்கவில்லை. அதற்குமேல் கேட்க எங்களுக்கு இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை.

இறுதி ஆட்டம் மதுரைக்காரர்களான இன்னொரு மில் அணியோடு. முடிவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கையில் எங்கள் பக்கம் வரிசையாக விழுந்துவிட்டது. நான் உட்பட ஆறு பேர் அவுட். அவுட் ஆனவர்கள் தங்கள் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக உட்கார வேண்டும். எழுந்து உள்ளே வந்தால் தப்பு. களத்தில் முத்திருளன் மட்டும் நின்றான். பாடிப் போக வேண்டியதும் அவன்தான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால்கூடப் போதும், ஜெயித்துவிடலாம். பிடிபட்டால் எல்லாம் போனது.

பாட்டை எடுத்துக்கொண்டு போனான். வலது பக்கம் போக்குக் காட்டி இடது பக்கம் திரும்பினான். அந்த மூலையில் ராமையா என்று ஒருவன், என்னைப் போல கணுக்கால் பிடிப்பவன். கப்பென்று பிடித்தான். இன்னொருவன் தொடையைக் கட்டினான். முத்திருளன் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு விழுந்தான். அப்போது மூன்றாவது ஆள் பின்னாலிருந்து ஓடிவந்து அவன் முதுகில் பாய்ந்தான். தலை நெஞ்சுக்கு அடியில் மடங்கிப் போனதை நான் பார்த்தேன். வரிசையில் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்ததால் எனக்கு மட்டும் அது நேராகத் தெரிந்தது.

பாட்டு நிற்கவில்லை. மண்ணுக்குள்ளிருந்து வருவது மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, வந்துகொண்டே இருந்தது. நடுவர் மண்டியிட்டு அவன் முகத்தோடு காதை வைத்துக் கேட்டார். பாட்டு இருக்கிறது என்று கையைக் காட்டினார். அதனால் ராமையா விடவில்லை. மற்றவர்களும் விடவில்லை. இன்னும் ஒருவன் வந்து விழுந்தான். அவன் வந்து விழுந்த வேகத்தில் அந்தக் குவியலே முன்னால் நகர்ந்தது. நீட்டிய கை கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து கிடந்தது. அவன் நகர்த்திய கை இல்லை, குவியல் தள்ளிக்கொண்டு வந்து போட்ட கை. நடுவர் விசில் ஊதினார். நான்கு பேர் அவுட். கேடயம் எங்களுக்கு.

ஜெயிக்க வைத்தவனைத் தோளில் தூக்கி மேடைக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறான் என்று நினைத்துக் கூட்டம் உள்ளே புகுந்து அவனை அள்ளியது. தோளில் உட்கார்ந்தவன் பிடிமானத்துக்குக் காலை இடுக்கிக்கொள்வான். இவனுக்குக் கால் இரண்டும் தொங்கின. தலை ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. "எறக்குங்கடா, டேய், எறக்குங்கடா" என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்து ஒருவன் என்னையும் தூக்கப் பார்த்தான்.

மேடையில் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மாலை போட்டார்கள். வரதராஜன் கேடயத்தை அவன் கையில் கொடுத்தார். கை வாங்கவில்லை. கேடயம் பலகையில் விழுந்து உருண்டது. அப்போதுதான் மேளம் நின்றது. நான் போய்ச் சேர்ந்திருந்தேன். முத்திருளன் என்னைப் பார்த்துப் பேசினான், சத்தம் தெளிவாகவே இருந்தது.

"மாப்ள, ஏங் கை எங்கடா இருக்கு?"

மில் வேனின் மர சீட்டில் கிடத்தி, குண்டும் குழியுமான ரோட்டில், மதுரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். கழுத்தெலும்பு உடைந்திருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "தூக்குனீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் குனிந்து சீட்டில் எழுதத் தொடங்கினார். அப்படியே கிடக்க விட்டிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை.

வாரம் முடிவதற்குள் வரதராஜன் வந்தார். கையில் பை. முத்திருளனால் தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் அந்தப் பையின் பக்கம் கொண்டுபோனான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க தம்பி. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் வரதராஜன்.

செல்லம் கட்டிலின் கால்மாட்டில் நின்றது. ஆரஞ்சுக்கு அர்த்தம் தெரியாது அதற்கு. "நெரந்தரம் ஆயிருச்சுன்னு சொன்னாகளேய்யா?" என்று கேட்டது.

"ஆர்டர் வரும்மா. ஆனா மில் டாக்டர் முன்னாடி வந்து நிக்கணும். ஒயரம், எடை, மார்பு அளவு எடுப்பாங்க. அது ரூல்."

"இவரு எப்படிய்யா நிப்பாரு? படுத்திருக்கயில வந்து பாக்க மாட்டாகளா?"

"ரூல் நான் போட்டதில்லம்மா" என்றார் அவர். அப்போதும் குரல் உயரவில்லை. மனுஷன் கொஞ்சம் வருத்தப்பட்டார் என்றுகூடச் சொல்வேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கத்தியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து போய் அவரைப் பார்த்தோம். முத்திருளனை விட்டுவிட்டு எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் போனோம். எலுமிச்சை ஜூஸ் வரவழைத்துக் கொடுத்தார். "மொதல்ல நீங்க உள்ள வாங்க தம்பி. பதிலி பேசுனா யார் கேப்பாங்க? நெரந்தரம் ஆயிட்டு அவருக்காகப் பேசுங்க, நானும் கூட நிக்கிறேன்" என்றார். சரி என்று பட்டது. நிரந்தரம் ஆனோம். பேசினோம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டம் வந்தபோது வரதராஜன் வேறு மில்லுக்குப் போயிருந்தார்.

நிரந்தர ஆர்டருக்கு முன் மில் டாக்டர் என்னைச் சுவரோரம் நிற்க வைத்து உயரம் பார்த்தார். மார்பைச் சுற்றி டேப்பை வைத்துக்கொண்டு, "மூச்ச நல்லா இழுங்க, புடிங்க, விடுங்க" என்றார். இழுத்தேன். விடும்போது அழுகை வந்துவிட்டது. பயப்படாதீங்க, பாஸ்தான் என்றார் டாக்டர்.

இன்னும் கொஞ்ச காலம் ஆடினேன். முழங்கால் போனது. புது ஆபீசருக்கு ஆரஞ்சு வழக்கம் தெரியாது, ஓர் ஆளை அனுப்பி இனிமேல் மைதானத்துக்கு வர வேண்டாம் என்று சொன்னார். நிரந்தரம் என்பதால் வேலை போகவில்லை. நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் போட்டார்கள். அந்த வயதில் நூல் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டேன். ரிட்டையர் ஆகும் வரை தின்ற சோறு முத்திருளனுடைய கழுத்து எனக்கு வாங்கிக் கொடுத்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

முத்திருளனை ஆஸ்பத்திரியிலிருந்து திருவாதவூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன். டாக்டர் ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். இப்படிப் படுத்துவிட்டவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டும், அதுதான் ஆளைக் கொண்டுபோகும், தினமும் மூச்சை இழுத்துப் பிடித்துப் பழக வேண்டும் என்று. எப்படிப் பழகுவது என்று செல்லம் என்னைக் கேட்டது. நான் பதில் சொல்லும் முன் முத்திருளன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "கபடி, கபடி, கபடி" என்று ஆரம்பித்தான். அவனிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதன் பிறகு காலையும் மாலையும் பாட்டு. நான் போனால், "காதக் குடு மாப்ள, ஒடையுதான்னு பாரு" என்பான். நான் அந்த நடுவர் மாதிரி மண்டியிட்டுக் கேட்பேன். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு நீளமாக வந்தது. வருடம் போகப் போகக் குறைந்தது. நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வேன். அவனுக்கா தெரியாது?

ஒரு ஞாயிறு ராமையா வந்தான், அன்று கணுக்காலைப் பிடித்தவன். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றான். முத்திருளன்தான் கூப்பிட்டான். ராமையா தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"பாட்டு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதான் விடல."

"நானும் அதான் நிப்பாட்டல. நீ விட்டுருவன்னு பாத்தேன்" என்றான் முத்திருளன்.

செல்லம் ராமையாவுக்குக் காப்பி கொடுத்தது, அவன் குடித்துவிட்டுப் போனான். அதோடு ராமையா ஆட்டத்தை விட்டுவிட்டான் என்று எழுத எனக்கு ஆசை. விடவில்லை. அடுத்த மாதமே ஒரு மைதானத்தில் அவனைப் பார்த்தேன், அதே மூலையில் நின்றான். அவனும் பதிலிதானே.

கடைசியாக நான் போனது ஒரு மழைக்கால ஞாயிறு. நெஞ்சில் சளி கட்டிக் கரகரவென்று சத்தம் வாசல் வரை கேட்டது. முகம் வற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும், "காதக் குடு" என்றான். ஆரம்பித்தான். இரண்டு சொல்லில் உடைந்தது. உடையாதது மாதிரி மறுபடி எடுத்தான். மறுபடி உடைந்தது. ஆட்டத்தில் அப்படிச் செய்தால் தப்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துக்கொண்டே இருந்தான். நான் காதை எடுக்கவும் முடியாமல், போதும் என்று சொல்லவும் முடியாமல் மண்டியிட்டுக் கிடந்தேன்.

செல்லம் அடுப்படியிலிருந்து வந்தது. என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு அவன் வாயை முந்தானையால் துடைத்தது. அவன் நெஞ்சில் கையை வைத்தது.

"போதும், நிப்பாட்டுங்க. ஒங்கள இப்ப யாரும் புடிச்சுக்கிட்டு இல்ல."

அவன் அதன் முகத்தைப் பார்த்தான். நிறுத்தினான். எத்தனையோ பேர் மேலே விழுந்து அமுக்கியும் நிறுத்தாதவன், அந்த ஒரு சொல்லுக்கு நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அந்த வாரமே போய்விட்டான்.

பெண்கள் அப்போதெல்லாம் மாட்ச் பார்க்க வருவதில்லை. நாங்களும் கூட்டிப் போனதில்லை. மேலூர் பக்கத்து மைதானத்தில் அன்று நடுவர் இருந்தார், வரதராஜன் இருந்தார், ஓர் ஊரே திரண்டிருந்தது, நான் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நிறுத்து என்று அவனிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள், அந்த நேரத்தில் திருவாதவூரில் யாருடைய வயலிலோ குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தது.